நாலுக்கு முன்னால் ஒரு கோடு

அக்கா போன பிறகு அவளுடைய வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். சமையலறை அலமாரியின் உள்கதவில் அவள் ஒட்டி வைத்திருந்த தொலைபேசி எண்களை மட்டும் அத்தான் கிழிக்க விடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். மேல் வரியில் பெயர், கீழ் வரியில் எண், எண்ணைச் சுற்றி ஒரு கட்டம். கேஸ்காரர், பிளம்பர், நான், அவளுடைய இதய டாக்டர். மாத்திரை டப்பாக்களிலும் அப்படித்தான். மூடியில் 'காலை' என்று எழுதி, அதன் கீழே 'ஒன்று' என்று எழுத்தில் எழுதியிருந்தாள்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் அழகுக்காகச் செய்தது என்று நினைப்பார்கள். அக்கா அழகுக்காக எதையும் செய்தவள் அல்ல. நாமெல்லாம் 'காலை - 1' என்று எழுதுவோம். சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. பெயர், ஒரு கோடு. வயது, ஒரு கோடு. எடை, ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் கை பழகிய கோடு அது. போட்டோம் என்பதுகூட நமக்குத் தெரியாது. அந்தக் கோட்டைக் கண்டால் அக்கா பேனாவை எடுத்து அதை அடித்துவிடுவாள்.

அவள் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. தெருமுனை வரை போய்விட்டு கேஸை மூடினோமா என்று திரும்பி வருவாள். "பூட்டினோமான்னு பாக்க ஒரு தடவை வருவா. பாத்தோமான்னு பாக்க இன்னொரு தடவை வருவா" என்பார் அத்தான். "இவளைக் கட்டிக்கிட்டதுல ஒரு லாபம். நம்ம வீட்டுக்குத் திருடன் வரமாட்டான். இவ கத்துற கத்துல அவனுக்குத்தான் மாரடைப்பு வரும்."

படித்து முடித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா கேட்டாள்: "பல்லியைப் பாத்தா கட்டில் மேல ஏறுறவ, ரத்தத்தோட போய் உக்காரப் போறியாடி?"

"பல்லி ஓடும்மா. ரத்தம் பைக்குள்ளேயே இருக்கும்" என்றாள் அக்கா.

அந்த வேலைக்கு அவளைப் போல ஆள் கிடைக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். தரைத்தளத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஒரு நீளமான அறை. ஒரு மேசை, மைக்ரோஸ்கோப், சோதனைக் குழாய்கள், சுவரோரம் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய ஃப்ரிட்ஜ். அதனுள் தட்டுத் தட்டாக ரத்தப் பைகள். ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றால் அக்காவின் மூச்சும் நின்றுவிடும். ரத்த வகையை ப்ளஸ், மைனஸ் என்று குறி போட்டு எழுத அவள் யாரையும் விட்டதில்லை. புதிதாக வந்தவர்கள் பையின் மேல் ஓ என்று எழுதி ஒரு ப்ளஸ் போட்டால் உடனே பிடித்துக்கொள்வாள். "ஈரக் கை பட்டு அந்த நெட்டுக்கோடு அழிஞ்சா மிச்சம் என்ன? மைனஸ். ஒரு கோட்டை நம்பி ஒரு உயிரை விடுவியா? பாசிட்டிவ்னு எழுத்துல எழுது."

இவ்வளவு தெரிந்த அவள்தான் அந்த ஃப்ரிட்ஜின் கதவில், தடித்த மார்க்கரால், தன் அழகான கையெழுத்தில் 'வெப்பம் - 4' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

ரத்தத்தை நாலு டிகிரியை ஒட்டித்தான் வைக்க வேண்டும். சூடானால் கெட்டுப்போகும். உறைந்தால் அதைவிட மோசம். ரத்தத்தின் சிவப்பணுக்கள் பனியில் வெடித்து, உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே கொட்டிவிடும். அந்தப் பை மறுபடி இளகும்போது பார்வைக்கு ரத்தம் போலவே இருக்கும். உடம்பில் ஏற்றினால் சிறுநீரகத்தை அடைத்துவிடும்.

பழைய ஃப்ரிட்ஜில் வெப்பத்தை மாற்ற ஒரு திருகுதான் இருந்தது. அதைக் கடைசி வரை திருகினாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் அந்தக் கோடு யாரையும் ஒன்றும் செய்யாமல், வருஷக்கணக்காக அந்தக் கதவில் சும்மா இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் திருகு செத்துப்போயிற்று. அக்கா பைகளையெல்லாம் ஐஸ் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவரை எல்லோரும் 'கூலிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ்கிரீம் கடைகள், மீன் கிடங்குகள், ஆஸ்பத்திரிகள், எல்லாவற்றுக்கும் அவர்தான். திருகைக் கழற்றி எறிந்துவிட்டு, சிவப்பு எண்கள் ஒளிரும் புதுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். எவ்வளவு வைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? கண்ணுக்கு நேரே எழுதியிருந்தது. மைனஸ் பதினெட்டும் மைனஸ் இருபதும் வைத்துப் பழகிய கைக்கு மைனஸ் நாலு ஒரு பெரிய விஷயமா? வைத்தார். அதைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்படியும் வைத்தார். நல்ல வேலைக்காரர்.

அக்கா வீட்டுக்குக் கிளம்பாமல் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கியது. நாலு வந்தது. தெர்மாமீட்டரை உள்ளே வைத்தும் பார்த்தாள். நாலுதான். பைகளைத் திரும்ப அடுக்கினாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். இரவு வேலைக்கு வந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். கனத்த மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர், பட்டப்பெயரும் 'கண்ணாடி'தான்.

"என் வாழ்நாள்லயே நான் நிம்மதியா தூங்கின ராத்திரி அதுதாண்டி" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாது.

காலையில் அவள் உள்ளே நுழையும்போது கண்ணாடி வீட்டுக்குக் கிளம்பத் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஓகேக்கா. புது மெஷின் சூப்பர். கதவுல என்ன எழுதியிருக்கோ அதையே அப்படியே காட்டுது."

அக்கா ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். கதவில் அவள் எழுதியது. அதற்கு மேலே சிவப்பில் அதே கோடு, அதே நாலு. இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் முதலில் அவளுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகுதான் கதவைத் திறந்து ஒரு பையைத் தொட்டாள். விரலுக்கடியில் மணல் போல நறநறத்தது. அவள் போன பிறகும் அந்த எண் நாலில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.

"இதுலேர்ந்து ஏதாவது வெளியே போச்சா?"

"ஒண்ணே ஒண்ணு. பிரசவ வார்டுக்கு. ராத்திரி குழந்தை பொறந்துச்சாம், ரத்தம் நிக்கலயாம். விடிகாலைல கேட்டாங்க. ஏன்க்கா?" அவள் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு. நான் வெளியே வச்சு, ஜில்லு விட்டதும்தான் குடுத்தேன்..."

அக்கா லிஃப்டுக்கு நிற்கவில்லை. படியேறும்போது ஒரு செருப்பு கழன்றது, அதையும் எடுக்கவில்லை. கால் ஓடினாலும் உடம்பு அங்கேயே நிற்பது போல இருந்தது என்பாள். வார்டு வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா, "பாத்து, பாத்து, வழுக்கும்!" என்று கத்தியது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

ஓரத்துக் கட்டில். வெளுத்துப்போன ஒரு சின்னப் பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். கம்பியில் பை தொங்கியது. குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அக்கா யாரையும் கேட்காமல் குழாயின் அடைப்பை இழுத்து மூடினாள்.

"யாரைக் கேட்டு மூடுற?" என்று நர்ஸ் பாய்ந்து வந்தார். "அவளுக்கு ரத்தம் பத்தலைன்னு நான் இங்க தவிச்சுக்கிட்டு இருக்கேன்!"

"சிஸ்டர், இது உறைஞ்ச ரத்தம்."

"என்னது?"

"உறைஞ்சு இளகின ரத்தம், சிஸ்டர். ஊசியைக் கழட்டுங்க. டாக்டரைக் கூப்பிடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

பிரசவ டாக்டரம்மா வந்தார். கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறவர் அல்ல. பையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அசையாமல் தொங்கிய நல்ல ரத்தம் என்றால் அடியில் கருஞ்சிவப்பும் மேலே தெளிந்த மஞ்சளும் பிரிந்து நிற்கும். இதில் மேல் பாதி பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல இருந்தது.

"எவ்வளவு போயிருக்கு?"

"கால்வாசி இருக்கும், டாக்டர்" என்றார் நர்ஸ். அவர் குரலும் மாறியிருந்தது.

டாக்டரம்மா மளமளவென்று சொன்னார். உப்புநீர் ஏற்ற வேண்டும், வேகமாக. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வர வேண்டும், நம்முடையது ஒன்றும் கூடாது. கட்டிலின் பக்கவாட்டில் சிறுநீர்ப் பை தொங்கியது. அதற்குப் போகும் குழாயை விரலால் தொட்டுக் காட்டினார். "இதுல வர்ற நிறத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ணெடுக்கக் கூடாது. கறுத்து வந்தாலோ, வராமலே நின்னாலோ சிறுநீரகம் போச்சுன்னு அர்த்தம். உடனே கூப்பிடணும்."

"நான் பாக்குறேன்" என்றாள் அக்கா.

ரத்தம் வாங்க ஆஸ்பத்திரி வண்டியில் கண்ணாடி போனார். அக்கா ஒற்றைச் செருப்போடு கட்டில் காலடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம், அதற்குள் வெளியிலிருந்து வந்துவிட்ட பெண்ணின் அம்மா, துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம், ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றுகிறோம் என்று மட்டும்தான் நர்ஸ் சொல்லியிருந்தார்.

குழாயில் வந்தது இளஞ்சிவப்பாக இருந்தது.

"குளிருதும்மா" என்றாள் அந்தப் பெண், கண்ணைத் திறக்காமல். அவளுடைய பற்கள் கிடுகிடுத்தன. அக்கா எழுந்து இன்னொரு போர்வையைப் போர்த்தினாள். அதன் ஓரங்களை அவளுடைய காலடியில் செருகிவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பினாள்.

"உனக்கு நல்ல மனசும்மா" என்றார் அந்த அம்மா. "டூட்டியை விட்டுட்டு வந்து உக்காந்திருக்க. இந்த சிஸ்டர் இருக்கே, ராத்திரியிலேருந்து சிடுசிடுன்னு விழுது. இந்தா, இவளைப் பாரேன். மூக்கைப் பாத்தியா? அப்படியே அவங்கப்பன் மூக்கு. பையனா இருந்தா விட்டுத் தள்ளலாம். பொண்ணுக்கு இந்த மூக்கை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அக்கா சிரிக்க முயன்றாள். அந்தப் பெண் செத்துப்போனால் இந்த அம்மா தன்னிடம் பேசிய கடைசிச் சிரிப்புப் பேச்சு இதுதான் என்று தோன்றியதாம். குழாயைப் பார்த்தாள். இளஞ்சிவப்பு கொஞ்சம் அடர்ந்தது போல இருந்தது. உற்றுப் பார்க்கப் பார்க்க எந்த நிறமும் அடர்ந்துதான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையா என்று தெரியவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு உப்புநீரை இன்னும் வேகப்படுத்திவிட்டுப் போனார்.

அப்போதுதான் கூலிங் வந்தார். செய்தி எப்படியோ அவருக்குப் போயிருந்தது. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, கட்டிலைப் பார்க்காமல் அக்காவை மட்டும் பார்த்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"அக்கா, சத்தியமா சொல்றேன். நீங்க எழுதினதைத்தான் வச்சேன். மைனஸ் நாலுன்னு போட்டிருந்துச்சு."

"மைனஸ் இல்லைண்ணே. அது சும்மா கோடு."

"சும்மா ஒரு கோட்டை எதுக்குக்கா நம்பருக்கு முன்னாடி போடுவாங்க?"

அக்கா எதற்குப் போட்டாள்? எல்லோரும் போடுகிறார்கள், அதனால் போட்டாள்.

"ஒரு ப்ளஸ் போட்டிருந்தீங்கன்னா நான் ஏன்..."

"அதுல ஒரு கோடு அழிஞ்சாலும் இதுதாண்ணே நடக்கும்."

"என்ன கோடு?" என்றார் அந்த அம்மா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். கூலிங் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வெளியே இருக்கேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன கோடுன்னு கேட்டேன்."

அக்கா சொன்னாள். அவளுக்கு எதையும் பூசி மெழுகத் தெரியாது. வெப்பம் என்று எழுதி, ஒரு கோடு போட்டு, நாலு என்று எழுதியது. அதைப் பூஜ்யத்துக்குக் கீழே நாலு என்று மெஷினில் வைத்தது. ரத்தம் உறைந்தது. அதில் ஒரு பை உங்கள் மகள் உடம்பில் கால்வாசி போனது. "எழுதினது நான்தாம்மா."

அந்த அம்மா மகளின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். குழந்தை மடியில் நெளிந்தது.

"நாலுன்னு எழுத்துல எழுதித் தொலைச்சா கையா ஒடிஞ்சிடும்?"

"ரத்த வகையை எழுத்துலதாம்மா எழுதுவோம். தப்பு வந்துடக் கூடாதுன்னு."

"அப்ப இதை?"

தப்பு எங்கிருந்து வரும் என்று அக்கா பயந்து பயந்து காவல் காத்த வாசல் வேறு. அது வந்த வாசலில் அவளே விளக்கு வைத்திருந்தாள்.

"நான் வெளியே போயிடறேம்மா. சிஸ்டரைப் பாக்கச் சொல்றேன்" என்று எழுந்தாள்.

"உக்காரு." அந்த அம்மாவின் குரல் கத்தலாக இல்லை. அதனாலேயே அக்கா எழுந்த இடத்திலேயே நின்றாள். "சிஸ்டருக்கு இன்னும் பத்து கட்டில் இருக்கு. உனக்கு இது ஒண்ணுதான். எங்கயும் போகக் கூடாது. அந்தக் குழாயை விட்டுக் கண்ணு நகரக் கூடாது. என் பொண்ணு கண்ணு முழிக்கிற வரைக்கும் உனக்கு வீடு வாசல் கிடையாது, தெரிஞ்சுதா?"

அக்கா உட்கார்ந்தாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. வார்டில் யாரோ தட்டைப் போட்டு உடைத்தார்கள், யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பவில்லை. கண் எரிந்தது. இமைத்தால் அந்த நொடியில் நிறம் மாறிவிடும் என்று இமைக்கப் பயந்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பிறகு ஒரு கட்டத்தில் அது கொஞ்சம் வெளிறியதாகத் தோன்றியது. நம்பவில்லை. ஆசை கண்ணை ஏமாற்றும் என்று அந்த அம்மாவைப் பார்த்தாள். அவரும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளுத்திருக்கு இல்ல?" என்றார் அந்த அம்மா, மெதுவாக.

"அப்படித்தான் தெரியுதும்மா. டாக்டர் சொல்லட்டும்."

டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார். "இறங்குது" என்று மட்டும் சொன்னார். "ஆனா ரத்தம் வேணும். நாடி ரொம்ப வேகமா இருக்கு. இனிமே காத்திருக்க முடியாது."

சொல்லி வாய் மூடவில்லை, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி மூச்சிரைக்க வந்தார். நர்ஸ் பையை எடுத்துக் கம்பியில் மாட்டப் போனார்.

"நில்லுங்க" என்றார் அந்த அம்மா. "அதை முதல்ல இவ கையில குடுங்க."

"இவங்க கையிலயா?" நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காலைலேருந்து நடந்ததெல்லாம் தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும். அதான் சொல்றேன். இந்த வார்டுலயே இவளுக்குத்தான் பயம் அதிகம். இவ பாத்துச் சொன்னா ஏத்துங்க."

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தலையசைத்தார்.

அக்காவால் முதலில் கையை நீட்ட முடியவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சில்லென்று இருந்தது. அழுத்தினாள், நறநறப்பு இல்லை. ஜன்னலருகே போய் உயர்த்திப் பிடித்தாள். வண்டியில் குலுங்கி வந்த பை, உடனே தெளியாது. காத்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மேலே மெல்லிய ஒரு கீற்று மஞ்சள் பிரிந்தது. வகையைச் சத்தமாகப் படித்தாள்; எழுத்தில் இருந்தது. பெண்ணின் மணிக்கட்டில் கட்டியிருந்த சீட்டில் இருந்ததைப் படித்தாள். கண்ணாடி ஒரு முறை படித்தார். அக்கா மறுபடி படித்தாள். மூன்றாவது முறை படிக்கத் தொடங்கினாள்.

"சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா.

சரி என்று சொல்லிவிட்டால் அது தன் சொல். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணுக்கு நேரமில்லை. இரண்டு பக்கமும் பள்ளம். அத்தனை வருஷம் பயந்ததெல்லாம் வெறும் ஒத்திகை என்று அப்போது தெரிந்தது என்பாள் அக்கா.

"ஏத்தலாம்" என்றாள்.

நர்ஸ் மாட்டினார். முதல் சொட்டு விழுந்தது. அக்கா ஸ்டூலுக்குத் திரும்பினாள். அந்த அம்மா குழந்தையை மடி மாற்றி வைத்துக்கொண்டார். சொட்டு, சொட்டாக அந்தப் பை பாதியாகி, சுருங்கி, காலியாகும் வரை இரண்டு பேரும் நிமிரவில்லை. அந்தப் பெண்ணின் நடுக்கம் நின்றது. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. சிறுநீர்க் குழாயில் வந்தது வெறும் மஞ்சள். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அத்தான் வந்து வார்டு வாசலில் நின்றார், அக்காவின் இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி. அக்கா அவரைப் பார்க்கவில்லை. கட்டிலில் அந்தப் பெண் கண்ணைத் திறந்திருந்தாள். முதலில் குழந்தையைப் பார்த்தாள். பிறகு தன் காலடியில் தலைகலைந்து, கண் சிவந்து உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

அந்த அம்மா அக்காவை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கதான்" என்றார். "நீ தூங்கு."